ஏழாவது மாடிக்குப் போகும் மீன் கூடை

லிஃப்டில் எதையெல்லாம் ஏற்றலாம் என்று யாராவது கேட்டால் என்னிடம் கேட்கட்டும். தாம்பரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்துக்கொண்டு வருவது என் வேலை. சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் பளிங்குத் தரை போட்ட அடுக்குமாடிகளில், ஊரார் இரத்தத்தையும் சிறுநீரையும் தோள்பையில் சுமந்துகொண்டு ஏறி இறங்கியிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் குட்மார்னிங் சொல்வார்கள். ஒருவர்கூட மூக்கைப் பொத்தியதில்லை. அப்படிப்பட்ட நான், எங்கள் சொந்தக் கட்டடத்தில், என் அம்மா மீன் கூடையோடு லிஃப்டில் ஏறலாமா கூடாதா என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

எங்கள் கட்டடம் தாம்பரத்துக்குக் கிழக்கே, குறைந்த விலை வீட்டுத் திட்டத்தில் கட்டியது. எட்டு மாடி. பாதி வீடுகளில், வாடகை கொடுத்தே ஓய்ந்துபோன குடும்பங்கள்: தனியார் பள்ளி ஆசிரியர்கள், துணிக்கடை ஊழியர்கள், சிறுசேரிக்கு வேன் ஓட்டுகிறவர்கள். மீதிப் பாதி எங்களைப் போலக் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்தவர்களுக்கு. கடல் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, முன்வரிசை வீடுகளைத் தின்றுவிட்டது. அடுத்த வரிசை எங்களுடையது. அதற்குள் இந்த வீடு வந்து சேர்ந்தது.

அரசு கொடுத்த வீடு என்றாலே அழுதுகொண்டுதான் போயிருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். என் அம்மா அழவில்லை. குப்பத்தில் மழைக்காலத்தில் அடுப்பைக் கட்டில்மேல் வைத்துச் சமைத்தவள் அவள். புது வீட்டுக்கு வந்த முதல் நாள் சமையலறைக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "தண்ணி நம்ம வூட்டுக்கே வந்துகினு கீதுடி" என்றாள். அதுமட்டுமில்லை, அவள் முப்பது வருடமாக மீன் விற்கும் தெருக்களெல்லாம் இப்போது பக்கத்திலேயே. விடியும் முன்பே ஷேர் ஆட்டோவில் சோழிங்கநல்லூர் வழியாகக் கடற்கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, சேலையூர்ப் பக்கம் விற்றுவிட்டு, மதியத்துக்குள் வீடு வந்துவிடலாம். அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கூடைதான் என்னைப் படிக்க வைத்தது.

ஒரே ஒரு கவலைதான். குலுக்கலில் எங்களுக்கு ஏழாவது மாடி விழுந்தது. அம்மாவுக்கு இரண்டு மூட்டும் வலி. சாவி கொடுத்த அன்று, திட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெண் அதிகாரியிடம் போய், கீழ்த்தளத்தில் மாற்றித் தரும்படி கேட்டாள். அதிகாரி சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "லிஃப்ட் இருக்கேம்மா. உங்களுக்கு ஏழாவது மாடியும் கிரவுண்ட் ஃப்ளோர்தான்" என்றார். அம்மா அதை அப்படியே நம்பினாள். நம்பும்படியாகத்தான் லிஃப்டும் ஓடியது.

கட்டடத்தைப் பராமரிக்க, குடியிருப்பவர்களே சங்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதற்குச் செயலாளராக வந்தவர் ஐந்தாவது மாடிக்காரர். ஓய்வு பெற்ற ஆசிரியர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, எதற்கும் ப்ளீஸ் போட்டுத்தான் பேசுவார். அவர் மனைவி அம்மாவுக்குப் பல வருட வாடிக்கை. சேலையூரில் வாடகை வீட்டில் இருந்த காலத்திலிருந்தே வஞ்சிரம் என்றால் அம்மாவிடம்தான் வாங்குவார். இப்போது ஒரே கட்டடத்துக்கு வந்தபிறகு, "உங்க மீனுக்குப் பின்னாடியே வந்துட்டோம் பாருங்க அக்கா" என்று சொல்லிச் சிரித்தவர்.

புரட்டாசி பிறந்த வாரம், முன்பக்கத் திடலில் சங்கக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் எழுந்து, நிறையப் பேர் விரதம் இருக்கிறார்கள், லிஃப்டில் மீன் வாடை வந்தால் சங்கடப்படுகிறார்கள், மீன் விற்கும் அம்மாக்கள் கொஞ்சம் ஒத்துழைத்துக் கூடையைக் கீழேயே வைத்துவிட்டு மேலே வர முடியுமா என்று கேட்டார். எங்கள் கட்டடத்தில் மீன் விற்கும் பெண்கள் ஐந்து பேர். ஐந்து பேருமே யோசிக்காமல் கையைத் தூக்கினார்கள். புரட்டாசியில் எங்களுக்கே வியாபாரம் கிடையாது. பெருமாள் மாதம், பாதித் தெரு மீன் பக்கம் திரும்பாது. கிறிஸ்தவ வீடுகளையும் முஸ்லிம் வீடுகளையும் நம்பிக் கால் கூடை எடுப்பதுதான் வழக்கம். அம்மாவே புரட்டாசிச் சனிக்கிழமைகளில் வாயில் மீன் வைக்க மாட்டாள். "சாமி சமாச்சாரம் சார், அதுக்கு இன்னா, வெச்சிக்கினா போச்சு" என்று அவள்தான் முதலில் சொன்னாள். ஒரு கிறிஸ்தவர் பெருமாளுக்காக இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறாரே என்று வீட்டுக்கு வந்து மெச்சிக்கொள்ளவும் செய்தாள்.

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் புரட்டாசி என்றால் புரட்டாசி. ஐப்பசி பிறந்தால் விரதம் முடிந்தது, வஞ்சிரம் எடு, வவ்வால் எடு என்று தெருவே கூப்பிடும். மாதத்தைச் சொல்லிக் கேட்டால் மாதத்துக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தார்கள். எப்போது முடியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐப்பசி முதல் வாரம் அம்மா நிறைகூடை எடுத்து விற்றாள், மிச்சத்தோடு திரும்பினாள். லிஃப்ட் முன்னால் காவலாளி கையை நீட்டித் தடுத்தான். சுவரில் புதிதாக ஒரு தகரப் பலகை அடித்திருந்தார்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து. "லிஃப்டில் மீன் கூடைகளுக்கு அனுமதி இல்லை. இப்படிக்கு, குடியிருப்போர் நலச் சங்கம்."

நான் வேலை முடிந்து வந்ததும் நேராக ஐந்தாவது மாடிக்குப் போனேன். செயலாளர் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"கூட்டத்துல எல்லாரும் கையைத் தூக்கித்தானேம்மா பாஸ் பண்ணோம்?" என்றார்.

"புரட்டாசிக்குன்னு சொன்னீங்க சார்."

"அந்த நேரத்துல அது ஒரு காரணம். ஆனா டெசிஷன் பொதுவானது. நீ படிச்ச பொண்ணு, உனக்குப் புரியும். இது லோ இன்கம் ஃபிளாட்னு வெளியில ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுறாங்க. நாமதான் டீசண்டா வெச்சுக்கணும். ப்ளீஸ்."

அந்த ப்ளீஸைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்குப் பின்னால் சமையலறையிலிருந்து மீன் குழம்பு கொதிக்கும் மணம் வந்தது. அம்மா கையால் நறுக்கிக் கொடுத்த மீன். அவர் மனைவி அதைக் கீழே வாங்கி, துணிப்பையில் போட்டு, லிஃப்டில்தான் மேலே கொண்டுவந்திருப்பார். பையில் போட்ட வஞ்சிரம் லிஃப்டில் போகலாம், கூடையில் இருக்கும் வஞ்சிரம் போகக் கூடாது. அப்படியானால் வாடை மீனில் இல்லை. கூடை சுமக்கிற ஆளிடம் இருக்கிறது என்று இவர்கள் நினைக்கிறார்கள். இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். வாத்தியார்கள் தலையை ஆட்டுவதைப் பார்த்தால் நாம்தான் தப்புச் செய்துவிட்டோமோ என்று தோன்றும். அதற்கே எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கூடையைக் கீழே வைத்துவிட்டு வருவது எங்கள் வழக்கத்தில் இல்லை. விற்று முடிந்தாலும் முடியாவிட்டாலும் கூடை வீட்டுக்குள் வரவேண்டும், கழுவிக் கவிழ்க்க வேண்டும். சோறு போடுவதை வாசலில் நிறுத்துவார்களா என்பார்கள். புரட்டாசியில் கால் கூடை என்பதால் மனசைத் தேற்றிக்கொண்டார்கள். இப்போது மிச்ச மீன் இருக்கிறது, ஐஸ் இருக்கிறது, கத்தி, தராசு இருக்கிறது. படிக்கட்டுக்கு அடியில் வைத்தால் பூனை விடுமா? ஐஸ் பெட்டி இருப்பது ஏழாவது மாடியில்.

"மிச்சத்தை ஒரு பையில போட்டுக்கோயேம்மா. அந்தம்மா கொண்டு போறா மாதிரி" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

அம்மா என்னை முறைத்தாள். "இன்னாடி, திருட்டு மீனா? மறைச்சிகினு போறதுக்கு?"

மறுநாளிலிருந்து கூடையோடு படியேறினாள். மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். ஐப்பசி மழையில் படியெல்லாம் ஈரம். கார்த்திகை முடிவதற்குள் முழங்கால் இரண்டும் வீங்கி, கட்டிலில் இருந்து எழுந்திருக்கவே என் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. டாக்டர் படியேறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற நாலு பேரில் ஒருத்தி கூடையை விட்டுவிட்டு வீட்டு வேலைக்குப் போகலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மார்கழியில் ஒருநாள் அம்மா சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "நான் குப்பத்துக்கே பூட்றேன். தங்கச்சி வூட்ல ஒரு மூலையில படுத்துக்கறேன். தொழிலு பண்ணலாம் இல்ல?"

"அப்போ இந்த வீடு?"

"நீ இரு. உனக்குதான் டீஜெண்ட்டா கீதே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கூடையை விட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட வேண்டும். வீடு கொடுக்கும்போது ஒருவரும் இப்படி ஒரு நிபந்தனை சொல்லவில்லை. முப்பது வருடம் ஊரெல்லாம் சுமந்து ஒரு கதவும் ஒரு பூட்டும் சம்பாதித்தவளை, ஒரு தகரப் பலகை துரத்துகிறது. நீ போனால் நானும் வந்துவிடுவேன், அங்கே இருவருக்கும் இடம் இருக்காது, அதனால் வாயை மூடிக்கொண்டு இங்கேயே இரு என்று கத்தினேன். அன்று இருவரும் சாப்பிடவில்லை.

அந்தச் சமயம் பார்த்துக் கட்டடத்துக்கு யோகம் அடித்தது. குறைந்த விலை வீடுகளைப் பற்றி மக்களிடம் நல்லெண்ணம் உண்டாக்க ஒரு குறும்படம் எடுக்கப் போவதாகவும், அதற்கு எங்கள் கட்டடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் சொன்னார்கள். ஒழுகிய குழாய்களை மாற்றினார்கள். எரியாத விளக்குகள் எரிந்தன. அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு சாரம் கட்டிப் பக்கச் சுவரில் ஓவியர்கள் படம் வரைய ஆரம்பித்தார்கள். வாரக்கடைசியில் சாரத்தைப் பிரித்தபோது, ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு பெண் நின்றாள். தலையில் மல்லிகை, முகத்தில் சிரிப்பு, இடுப்பில் மீன் கூடை. உயரம், சரியாக எங்கள் வீட்டு ஜன்னல் வரைக்கும்.

நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கூடையோடு ஏழாவது மாடி வரை போக அவளுக்கு மட்டும் அனுமதி கிடைத்துவிட்டது. அம்மாவும் வந்து அண்ணாந்து பார்த்தாள். சாயங்காலம் மற்ற நாலு பெண்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். என்னை டீ போடச் சொன்னாள். நான் டீ போட்டு வருவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

படம் எடுக்கும் நாள் தை மாதத்தில் வந்தது. முதல் நாளே செயலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்: நாளைக்கு ஒருநாள் மட்டும் மீன் விற்கிறவர்கள் முன்பக்கம் வராமல் பின்வாசல் வழியாகப் போய் வந்தால் நன்றாக இருக்கும், ப்ளீஸ். ஏழாவது மாடியில் வேறோர் ஆசிரியரின் வீட்டை மாதிரி வீடாகக் காட்ட ஏற்பாடு. நான் விடுப்புப் போட்டுவிட்டுக் கீழேயே நின்றேன்.

பத்து மணி வாக்கில் அதிகாரியின் கார் வந்தது. சாவி கொடுத்த அதே பெண் அதிகாரி. கேமரா ஆட்கள், மாலை, செயலாளர், அவர் மனைவி, சங்கத்தார் எல்லாரும் லிஃப்டை நோக்கி வந்தார்கள். வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். லிஃப்ட் முன்னால் ஐந்து பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து இடுப்பில் ஐந்து கூடை. விற்காத முழுக் கூடைகள். கத்தவில்லை, மறிக்கவில்லை. ரேஷன் கடையில் நிற்பதுபோல ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள், அவ்வளவுதான். வந்த பெரியவர்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று.

செயலாளர் முன்னால் ஓடிவந்தார். "அம்மா, இன்னைக்கு ஒருநாள் மட்டும்..."

"பொரட்டாசின்னீங்க. சாமி பேரச் சொன்னீங்க, ஒத்துக்கினோம்" என்றாள் அம்மா. "இப்போ இன்னா மாசம் சார்?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி கையசைத்து அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, என்ன விஷயம் என்று விசாரித்தார். பலகையைப் படித்தார். முழங்காலைப் பற்றி நான் சொன்னேன். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு செய்யலாம். கீழேயே உங்களுக்குன்னு தனியா ஒரு ரூம் கட்டித் தர்றோம். டைல்ஸ் போட்டு, குழாய் வெச்சு, ஐஸ் பெட்டி வெச்சு, பூட்டு சாவி உங்ககிட்டயே. வேற எந்தக் கட்டடத்துலயும் இல்லாத வசதி. நீங்க கையை வீசிக்கிட்டு லிஃப்ட்ல போகலாம்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. செயலாளர் கைதட்டியே விட்டார். வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தி, "நல்லாத்தான் கீது இல்ல?" என்று முணுமுணுத்தாள். எனக்கே நல்ல யோசனையாகத்தான் பட்டது. முழங்கால் பிழைக்கும், தொழில் பிழைக்கும், அம்மா குப்பத்துக்குப் போக வேண்டாம். ஒத்துக்கொள் என்று கண்ணால் ஜாடை காட்டினேன்.

அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை. "ரூமு மீனுக்கா, எனக்கா மேடம்?"

"மீனுக்குத்தாம்மா."

"மீனு அந்தம்மா பையிலயும் போவுது. அதுக்கு ரூமு கட்டலியே?" செயலாளரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். "இன்னிக்கி கூடையக் கீழ வையின்னுவீங்க. நாளைக்கி பொடவய மாத்திகினு வான்னுவீங்க. அப்பால, நீயே கீழ இரேன், அதான் ரூமு கீதேன்னுவீங்க. எனக்கு வேணாம் மேடம் அந்த ரூமு. எனக்கு வூடு கீது. நீங்கதான் குடுத்தீங்க. கூடை விக்கறவன்னு தெரிஞ்சிதானே குடுத்தீங்க?"

அதிகாரி தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சங்கத்தோட முடிவுல நாங்க நேரடியாத் தலையிட முடியாதும்மா" என்றார்.

"நீங்க தலையிட வேணாம். நாங்க யாரையும் தலையிடச் சொல்லல." லிஃப்ட் கதவு திறந்தது. அம்மா கூடையோடு உள்ளே போய் ஓரமாக நின்றாள். "ஏறுங்க மேடம். மேல போவணும் இல்ல? எடம் கீது. சார், நீங்களும் வாங்க."

அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பட்டுப்புடவையின் கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். கேமராக்காரர் ஏறினார். நானும் ஏறினேன். செயலாளர் மட்டும் கதவுக்கு வெளியே நின்றார். கதவு மூடும்போது அவர் படிக்கட்டை நோக்கித் திரும்பியதைப் பார்த்தேன்.

மற்ற நால்வரும் அடுத்தடுத்த நடையில் மேலே வந்து சேர்ந்தார்கள்.

குறும்படம் பிறகு வந்தது. எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. அதில் குழாய் வருகிறது, விளக்கு வருகிறது, ஆசிரியர் வீட்டு சோபா வருகிறது. சுவரில் வரைந்த மீன்காரி இரண்டு முறை வருகிறாள். நிஜ மீன்காரிகள் ஐந்து பேரில் ஒருத்தியும் வரவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "கலரு நல்லாகீது" என்றதோடு சரி. மீன் அறைத் திட்டம் அப்படியே நின்றுபோனது.

சிலர் இன்னும் கூடையைக் கண்டால் ஏறாமல் அடுத்த நடைக்குக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கட்டும். காவலாளி முதல் வாரம் புகார் சொல்லப் பார்த்தான், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டான். செயலாளர் சில வாரம் பிடிவாதமாகப் படியேறினார். ஒருநாள் கறிகாய்ப் பையோடு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோது, அம்மா காலை நீட்டிக் கதவை மூடவிடாமல் பிடித்தாள். "வா சார், வயசான காலத்துல இன்னா ரோசம்" என்றாள். அவர் ஏறினார். ஐந்தாவது மாடி வரை எண்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போனார். இதனால் நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா மன்னித்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்கு இன்னும் வஞ்சிரம் போகிறது.

பலகையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னால் கூட்டம் போட வேண்டும், கூட்டம் போட்டால் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். நானே திருப்புளி கொண்டுவந்து கழற்றி எறிகிறேன் என்றேன். அம்மா விடவில்லை. "அது இருக்கட்டும்" என்றாள்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி நன்றாகவே படிப்பாள். இப்போதெல்லாம் மதியம் மீன் விற்றுவிட்டு வந்து, லிஃப்டுக்காக நிற்கும் நேரத்தில், அந்தப் பலகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படிக்கிறாள். படித்து முடித்ததும் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய், ஏழாம் எண்ணை அழுத்துகிறாள்.